ஆமை புகுந்த வீடும்... நாம் புகுந்த தீவும்!

“அந்தமானா? அப்படி என்னய்யா குத்தம் பண்ணினே?”

லீவு லெட்டரைப் படித்ததும் எங்கள் மேனேஜர் கேட்ட முதல் கேள்வி இதுதான். அவர் பார்த்த சினிமாக்களில் அந்தமானுக்குப் போனவர்கள் எல்லாரும் கையில் விலங்கோடு போனவர்கள். “இயற்கையை ரசிக்கப் போறேன் சார்” என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். இதுவரை பாட்டி, பெரியப்பா, பக்கத்து வீட்டுத் தாத்தா என்று வரிசையாக ஆட்களைச் சாகடித்து லீவு வாங்கியவன் நான். திடீரென்று உண்மையைச் சொன்னால் மனுஷன் எப்படி நம்புவார்?

“பன்னண்டு நாள்தான். பதிமூணாவது நாள் சீட்ல நீ இல்லேன்னா, அங்கேயே ஒரு செல்லுல இருந்துக்கோ” என்று கையெழுத்துப் போட்டார்.

நாங்கள் மூன்று பேர். நான், எங்கள் ஆபீஸ் கேஷியர், அப்புறம் சேல்ஸில் இருக்கும் ‘கேமரா’ நண்பர். சோறு, தண்ணீர் இல்லாமல்கூட இருப்பார், படம் எடுக்காமல் இருக்க மாட்டார். அதனால் அந்தப் பெயர். மூவருக்கும் ஒரே லட்சியம்: கடல் ஆமை முட்டையிடுவதைக் கண்ணால் பார்ப்பது. டி.வி.யில் பார்த்ததிலிருந்து பிடித்த பைத்தியம்.

கேஷியரின் அம்மாவுக்குத்தான் தாங்கவில்லை. “ஆமையைப் பார்க்கக் கப்பல் ஏறிப் போறீங்களா? ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாதுடா!” என்று வாசல்வரை வந்து புலம்பினார். கேஷியர் ஏற்கெனவே ஹவுஸிங் லோன் வாங்கியிருப்பவர். “அமீனா எப்படியும் வருவான், ஆமையாவது முன்னாடி வரட்டும்மா” என்று சமாதானம் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

எல்லாரும் போகாத பக்கம்

அந்தமான் போகிறவர்களில் பெரும்பாலோர் செய்வது ஒன்றுதான். செல்லுலார் ஜெயில், ஹேவ்லாக் கடற்கரை, ஒரு ஸ்கூபா டைவிங், முத்து மாலை ஷாப்பிங், ஃப்ளைட். (ஹேவ்லாக்குக்கு 2018-லிருந்து ஸ்வராஜ் த்வீப் என்று பெயர். 2024-ல் போர்ட் பிளேரும் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. ஆனால் ஆட்டோக்காரருக்கு இன்னும் போர்ட் பிளேர்தான்.)

கேஷியருக்கு அங்கே தூரத்து உறவுக்காரர் ஒருவர் உண்டு. அவர் போனிலேயே சொல்லிவிட்டார்: “கூட்டம் பார்க்கணும்னா உங்க ரங்கநாதன் தெரு போதுமே. தீவைப் பார்க்கணும்னா வடக்கே போங்க. டிக்லிப்பூர் போங்க.”

வடக்கு அந்தமானின் கடைசி ஊர் அது. போர்ட் பிளேரிலிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். அந்தமானின் உயரமான மலை அங்கேதான் இருக்கிறது. ஆமை வருகிற கடற்கரை அங்கேதான் இருக்கிறது. மணல் பாதையால் ஒட்டிக்கொண்ட இரட்டைத் தீவு அங்கேதான் இருக்கிறது. கூட்டம் மட்டும் இல்லை.

போகும்போது கப்பல், வரும்போது விமானம் என்று திட்டம். சென்னைத் துறைமுகத்திலிருந்து மூன்று நாள் கடல் பயணம். முதல் நாள், மூவரும் கப்பலின் மேல்தளத்தில் நின்று கப்பல் கேப்டன் மாதிரி போஸ் கொடுத்தோம். இரண்டாம் நாள், மூவரும் பங்க்கில் குப்புறப் படுத்து எந்தெந்தத் தெய்வத்துக்கு என்ன நேர்ந்துகொள்வது என்று யோசித்தோம். மூன்றாம் நாள், வயிறு கடலோடு ராஜியாகிவிட்டது. பறவைக் கூட்டம் மாதிரி ஏதோ தண்ணீரிலிருந்து எழும்பிப் பறந்து மறுபடி தண்ணீருக்குள் விழுந்தது. பறக்கும் மீன்! கேமரா நண்பர் நூற்றைம்பது படம் எடுத்தார். நூற்றைம்பதிலும் வெறும் தண்ணீர்.

“ஒண்ணுமே தெரியலையே!”

போர்ட் பிளேரிலிருந்து விடியாத நேரத்தில் பஸ். ஜிர்காடாங் என்ற இடத்தில் செக்போஸ்ட். அதற்கு அந்தப் பக்கம் ஜாரவாக்களின் காடு. வண்டிகள் தனித்தனியாகப் போகக் கூடாது. எல்லாம் வரிசை கட்டி, முன்னும் பின்னும் காவலோடுதான் போகவேண்டும். நிறுத்தக் கூடாது, ஓவர்டேக் பண்ணக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. மீறினால் ஜெயில். கேமரா நண்பரின் கேமராவை வாங்கி கேஷியர் தன் பைக்குள் வைத்துப் பூட்டினார். கேஷ் பாக்ஸைப் பூட்டுகிற அதே முகபாவம்.

ஜாரவாக்கள் மொத்தமே சில நூறு பேர்தான். ஆயிரக்கணக்கான வருஷங்களாக அந்தக் காட்டில் வேட்டையாடியும் தேன் எடுத்தும் வாழ்கிறவர்கள். 1997-98 வரை வெளி ஆட்களை அம்பு எய்தே விரட்டினார்கள். அவர்கள் காட்டை அறுத்துக்கொண்டு போகிற இந்த ரோட்டை மூடச் சொல்லி 2002-ல் சுப்ரீம் கோர்ட் உத்தரவே போட்டது. ரோடு மூடப்படவில்லை. சாப்பாட்டைக் காட்டி ஜாரவாப் பெண்களை ஆடச் சொல்கிற வீடியோ 2012-ல் வெளியாகி உலகமே காறித் துப்பியது. அதற்கப்புறம்தான் சட்டம் கடுமையானது.

இவ்வளவும் எனக்குத் தெரியும். படித்துவிட்டுத்தான் போயிருந்தேன். இருந்தும் என்ன செய்தேன்? பஸ்ஸில் இருந்த மற்ற ஐம்பது பேரும் செய்ததையே நானும் செய்தேன். ஜன்னலில் மூக்கை அழுத்திக்கொண்டு, காட்டுக்குள் யாராவது தெரிகிறார்களா என்று துழாவினேன். ஒன்றரை மணி நேரமும் மரம், மரம், மரம். செக்போஸ்ட் தாண்டியதும், “சே, ஒண்ணுமே தெரியலையே!” என்று வாய்விட்டுச் சொன்னேன்.

பக்கத்து சீட்டில் ஒரு பெரியவர். முகத்தைத் திருப்பாமலே கேட்டார்: “உங்க வீட்டு வாசல்ல பஸ்ஸை மெதுவாக்கி ஐம்பது பேர் எட்டிப் பார்த்தா, நீங்க வெளியே வந்து நிப்பீங்களா தம்பி?”

கேஷியர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அந்தக் கேள்வி அப்போதைக்கு எனக்குக் கோபத்தைத்தான் கொடுத்தது. புத்தியைக் கொடுக்க இன்னும் ஒரு நாள் பாக்கி இருந்தது.

ஜலசந்தி வந்தது. பஸ்ஸையே படகில் ஏற்றிக்கொண்டு அக்கரையில் இறக்கினார்கள். அப்புறம் பாலம், காடு, வயல், மறுபடி காடு. டிக்லிப்பூர் போய்ச் சேர்ந்தபோது இடுப்புக்குக் கீழே ஒன்று இருப்பதே மறந்து போயிருந்தது.

காளிப்பூர் கடற்கரை

டிக்லிப்பூரிலிருந்து சுமார் பதினெட்டு கிலோமீட்டரில் காளிப்பூர். சாம்பல் நிற மணல். பின்னால் காடு, முன்னால் கடல். ‘முதலை நடமாட்டம், ஜாக்கிரதை’ என்று ஒரு போர்டு. கடலில் நீந்துகிற உப்புத்தண்ணீர் முதலை. “குளிக்கலாமா?” என்று கேட்க நினைத்த வாயை அந்த போர்டு மூடிவிட்டது.

நான்கு வகைக் கடல் ஆமைகள் இந்த ஒரே கடற்கரையில் முட்டையிட வருகின்றன. நம் மீனவர்கள் நாலுக்கும் அழகழகாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். சிற்றாமை, பேராமை, அழுங்காமை, ஏழுவரி ஆமை. கடைசி ஆள்தான் ராட்சசன். ஐந்நூறு கிலோகூட இருக்குமாம். அதிகம் வருவது சிற்றாமை. பங்குனி ஆமை என்றும் சொல்வார்கள். டிசம்பரிலிருந்து சீஸன். நாங்கள் போனது பிப்ரவரி.

வனத்துறை வாட்சர் ஒருவரோடுதான் இரவில் கரையில் நடக்க முடியும். எங்களுக்கு வாய்த்தவர் தமிழர்! தாத்தா ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கூலி வேலைக்கு வந்தவர். பேரனின் தமிழில் பாதி ஹிந்தி. ஆனால் “தம்பி” மட்டும் சுத்தமான ராமநாதபுரம்.

கிளம்பும் முன் மூன்றே விஷயம் சொன்னார்.

“தம்பி, ஒண்ணு... லைட் கூடாது. ரெண்டு... பேச்சு கூடாது. மூணு... அது குழி தோண்டி முட்டை போட ஆரம்பிக்கிற வரைக்கும் கிட்டே போகக் கூடாது. கரையேறுறப்போ அதுக்கு ரொம்ப பயம். சின்ன வெளிச்சம் பார்த்தாலும் அப்படியே திரும்பிடும்.”

அவரிடம் ஒரு டார்ச் இருந்தது. கண்ணாடியில் சிவப்புக் காகிதம் ஒட்டியிருந்தது. அதையும் அவசரத்துக்குத்தான் போடுவாராம்.

பத்து மணிக்கு உட்கார்ந்தோம். பதினொன்று. பன்னிரண்டு. மணல் ஈ என்று ஒன்று இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கடித்த இடம் ஒரு வாரத்துக்கு நம் பெயர் சொல்லும். ஒரு மணி. எனக்குப் பொறுமை போய்விட்டது. எத்தனை நாள் லீவு, எவ்வளவு பணம், எத்தனை வாந்தி! பார்க்காமல் திரும்பினால் மேனேஜரிடம் என்ன சொல்வது?

ஒன்றேகால் இருக்கும். அலை பின்வாங்கிய இடத்தில் ஒரு கருங்கல். சற்று முன் அங்கே கல் இல்லையே? கல் நகர்ந்தது. நின்றது. மறுபடி நகர்ந்தது. வாட்சர் என் தோளை அழுத்தி, ‘அசையாதே’ என்று ஜாடை காட்டினார்.

என் கை என் பேச்சைக் கேட்கவில்லை என்று சொன்னால் அது பொய். நன்றாகக் கேட்டது. ஒரே ஒரு படம் என்று நினைத்தேன். ஃப்ளாஷை அணைத்துவிட்டதாகத்தான் நினைத்தேன். செல்போனை எடுத்தேன். அழுத்தினேன்.

பளீர்!

ஒரு நொடி, எல்லாம் வெள்ளை வெளேர் என்று தெரிந்தது. ஈர ஓடு, உயர்த்திய தலை, பளபளத்த ஒரு கண். அடுத்த நொடி இருட்டு. அந்த இருட்டில் மணல் சரசரவென்று அறுபடும் சத்தம். ஏறி வந்ததைவிட இரண்டு மடங்கு வேகத்தில் அது திரும்பிக்கொண்டிருந்தது. ஓர் அலை வந்தது. போனது. கரை காலி.

யாரும் பேசவில்லை. படம் எடுத்தே பெயர் வாங்கிய கேமரா நண்பர்கூட என்னை ஒரு மாதிரி பார்த்தார். வாட்சர் திட்டியிருந்தால் தேவலை. அவர் பாட்டுக்கு எழுந்து, மணலில் இருந்த தடத்தைப் போய்ப் பார்த்தார். வந்த தடம் ஒன்று, போன தடம் ஒன்று. நடுவில் குழி இல்லை.

“இப்ப அது என்ன பண்ணும்ணே?” என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

“வேற இடத்துல ஏறலாம். நாளைக்கு வரலாம். வராமலும் போகலாம். ரொம்ப நாள் தாங்காது தம்பி. வயித்துல நூறு முட்டை. தாங்கலேன்னா தண்ணியிலேயே விட்டுரும்.”

தண்ணீரில் விட்டால் ஒன்றும் பொரிக்காது. அது எனக்கே தெரியும்.

அறைக்கு வந்து அந்தப் படத்தைப் பார்த்தேன். ஆமையே இல்லை. வெள்ளையாக ஒரு புகை மாதிரி, கீழே கொஞ்சம் மணல். அவ்வளவுதான்.

பேசாத மலை

மறுநாள் சாடில் பீக் ஏறினோம். 732 மீட்டர். கொடைக்கானலுக்குக் கார் ஓட்டிப்போய் ‘மலை ஏறினேன்’ என்று சொல்கிறவர்களுக்கு இது பெரிசாகத் தெரியாது. ஆனால் இங்கே கடல் மட்டத்தில் செருப்பு நனைந்த இடத்திலிருந்து, ஒவ்வோர் அடியையும் நம் முழங்காலே ஏறவேண்டும். போக எட்டு கிலோமீட்டர், வர எட்டு கிலோமீட்டர்.

லாமியா பே என்ற இடத்தில் வனத்துறை கேட். பெயர் எழுதிவிட்டு, கொஞ்ச தூரம் கூழாங்கல் கடற்கரையோடு நடக்கவேண்டும். பிறகு பாதை சட்டென்று காட்டுக்குள் திரும்பிவிடுகிறது. வானத்தை மறைக்கிற மரங்கள், இடுப்பைச் சுற்றும் பிரம்புக் கொடிகள். இந்தக் காட்டில் புலி, சிறுத்தை, நரி எதுவும் கிடையாது. தீவாயிற்றே, நீந்தி வர முடியாது. அதனால் பயமில்லாமல் போகலாம். எங்கோ ஒரு மரங்கொத்தி தட்டிக்கொண்டே இருந்தது. அந்தமானில் மட்டுமே இருக்கிற கறுப்பு மரங்கொத்தி என்று வழிகாட்டியாக வந்த பையன் சொன்னான். கேமரா நண்பர் கேமராவை எடுக்கவே இல்லை. “கேட்டாப் போதும் மாப்ளே” என்றார். எனக்குச் சுருக்கென்றது.

உச்சிக்குப் போனபோது மேகம். கீழே கடல் இருக்கிறது என்று நம்பிக்கொள்ள வேண்டியதுதான். பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தோம். மேகம் ஒரு ஓரமாக விலகி, காடு, அதற்குக் கீழே வெள்ளைக் கோடாய்க் கரை, அப்புறம் முடிவே இல்லாத நீலம் என்று அரை நிமிஷம் காட்டிவிட்டு மூடிக்கொண்டது. கல்போங் என்று ஒரு ஆறு இந்த மலையில்தான் பிறக்கிறது. அந்தமானில் நீர்மின்சாரம் எடுக்கிறார்களே, இந்த ஆற்றில்தான். ஆக, நேற்று ராத்திரி என் செல்போனுக்குச் சார்ஜ் ஏற்றியதில் இந்த மலைக்கும் பங்கு இருந்திருக்கலாம். அதை நினைத்ததும் இன்னும் கூனிப்போனேன்.

சாயங்காலம் வாட்சரைத் தேடிப் போய், “மன்னிச்சிருங்கண்ணே” என்றேன். டீ வரவழைத்துக் கொடுத்தார். வேறு ஒரு கதை சொன்னார்.

டிக்லிப்பூருக்குப் பக்கத்தில் ராம்நகர் பகுதியில் சுண்ணாம்புக் குகைகள் இருக்கின்றன. அதில் ஒரு சின்னஞ்சிறு உழவாரக் குருவி, தன் எச்சிலாலேயே கூடு கட்டும். அந்தக் கூட்டை சூப் வைத்துச் சாப்பிடுகிறவர்கள் வெளிநாட்டில் உண்டு. விலையோ யானை விலை. முட்டை இருந்தாலும் குஞ்சு இருந்தாலும் பார்க்காமல் கூட்டைப் பிய்த்து விற்றார்கள். குருவி ஒழிந்துகொண்டே வந்தது. 1990-களின் கடைசியில் கோயம்புத்தூர் சலீம் அலி ஆராய்ச்சி மையத்துக்காரர்களும் வனத்துறையும் சேர்ந்து ஒரு காரியம் செய்தார்கள். கூட்டைப் பிய்த்தவர்களையே கூட்டிவந்து குகைக்குக் காவல் போட்டார்கள். குருவிகள் மறுபடி பெருகின.

“எந்தக் கூடு எங்க இருக்குன்னு அவங்களுக்குத்தானே தெரியும்? அவங்கதான் நல்லா காப்பாத்துவாங்க” என்றார். டீயை உறிஞ்சிவிட்டு, “தப்புப் பண்ணினவன் உஷாராயிருவான் தம்பி. நாளைக்கு ராத்திரி வா” என்று எழுந்து போனார்.

சிப்பியும் சீற்றமும்

மூன்றாம் நாள், ஏரியல் பே படகுத்துறையிலிருந்து ராஸ் – ஸ்மித் தீவுகள். (போர்ட் பிளேர் பக்கத்தில் இருக்கிற பழைய ராஸ் தீவு வேறு. இது வேறு.) அரை மணி நேரப் படகு. இரண்டு தீவுக்கும் நடுவே வெள்ளை வெளேரென்று ஒரு மணல் பாதை. தண்ணீர் வற்றும்போது இந்தத் தீவிலிருந்து அந்தத் தீவுக்குப் பொடிநடையாகப் போகலாம். ஏறினால் பாதையைக் கடல் மூடிவிடும். இரண்டு பக்கமும் இரண்டு நிறத்தில் தண்ணீர். கேஷியர் பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு குழந்தை மாதிரி ஓடினார். அவர் ஓடி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

திரும்பும்போது அவர் கர்ச்சீப்பில் ஏதோ முடிச்சு. படகுக்காரர் கண்ணால் முடிச்சைக் காட்டினார். பிரித்தால், ஒரு வெள்ளைப் பவளத் துண்டு, நாலு சிப்பி. “அம்மாவுக்கு...” என்று இழுத்தார் கேஷியர்.

“எடுத்துட்டுப் போனா ஏர்போர்ட்ல பிடுங்கிடுவாங்க சார். அது போகட்டும். அந்தச் சிப்பிக்குள்ள நண்டு குடியிருக்கும். நீங்க வீட்டையே தூக்கிட்டுப் போறீங்க.”

அதைச் சொல்லி முடிக்கவும், ஒரு சிப்பி நாலு கால் நீட்டிக் கேஷியரின் உள்ளங்கையில் நடக்கவும் சரியாக இருந்தது. ‘ஆ’ என்று அலறி உதறினார். லோன் போட்டு வீடு வாங்கியவருக்கு விஷயம் உடனே புரிந்துவிட்டது. பவளத் துண்டையும் மணலிலேயே வைத்துவிட்டு வந்தார்.

இரவு இரண்டு மணி

அன்று ராத்திரி செல்போன்களை அறையிலேயே வைத்துப் பூட்டினோம். வாட்ச்கூட வேண்டாம் என்றார் கேஷியர். அதில் ரேடியம் முள்.

நிலா இல்லை. நேரம் தெரியாமல் உட்கார்ந்திருப்பது முதல் ஒரு மணி நேரத்துக்குத்தான் கஷ்டம். அப்புறம் கண் இருட்டுக்குப் பழகிவிடுகிறது. நட்சத்திர வெளிச்சத்திலேயே மணல் தெரிந்தது, அலையின் நுரை தெரிந்தது, பக்கத்தில் இருப்பவனின் மூக்கு தெரிந்தது. முந்தாநாள் நான் டார்ச்சும் செல்போனுமாகக் கண்ணைக் கெடுத்துக்கொண்டிருந்ததால்தான் எதுவும் தெரியவில்லை!

வாட்சர்தான் பிற்பாடு சொன்னார், மணி இரண்டு இருக்கும் என்று. கருங்கல் வந்தது. நின்றது. பார்த்தது. நாங்களும் கல்லானோம்.

அது மெதுவாக ஏறியது. சிற்றாமை தவழும்போது ஒரு பக்கத்துத் துடுப்பு, அப்புறம் மறு பக்கத்துத் துடுப்பு என்று மாற்றி மாற்றி இழுக்கும். தடத்தைப் பார்த்தே இன்ன ஆமை என்று சொல்லிவிடலாமாம். உலர்ந்த மணலுக்கு வந்ததும் பின் துடுப்புகளால் குழி தோண்ட ஆரம்பித்தது. கண்ணால் பார்க்க முடியாத குழி! வலது துடுப்பு ஒரு கை மணல் அள்ளி வெளியே வைக்கும். பிறகு இடது துடுப்பு. அள்ளி அள்ளி, ஒன்றரை அடி ஆழத்தில், வாய் சிறுத்து வயிறு பெருத்த பானை மாதிரி ஒரு குழி.

வாட்சர் விரலை அசைத்தார். பின்பக்கமாக, தவழ்ந்து போனோம். சிவப்பு விளக்கின் மங்கலில், பிங்பாங் பந்து மாதிரி முட்டைகள் இரண்டு, மூன்றாக விழுந்துகொண்டிருந்தன. அதன் கண்ணிலிருந்து நீர் கோடாக வழிந்தது. உடம்பில் சேர்ந்த உப்பை அது அப்படித்தான் வெளியேற்றும், அழுகை இல்லை என்று படித்திருக்கிறேன். இருக்கட்டும். பக்கத்தில் கேஷியர் மூக்கை உறிஞ்சினாரே, அவர் என்ன உப்பை வெளியேற்றினார்?

முட்டையிட்டு முடித்ததும் மணலைத் தள்ளி மூடியது. பிறகு, உடம்பை இடமும் வலமுமாக ஆட்டித் தொம் தொம்மென்று தட்டி இறுக்கியது. அம்மிக்குப் பக்கத்தில் அம்மா மாவு இடிக்கிற சத்தம். அதோடு கடமை முடிந்தது. ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்காமல் கடலுக்குப் போனது.

நான் துரத்திவிட்ட அதே ஆமையா அது? தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. அந்தக் கேள்வியோடுதான் ஊருக்கு வந்தேன்.

வாட்சர் முட்டைகளை எண்ணிப் பக்கெட்டில் எடுத்தார். 112. நாயும் உடும்பும் தோண்டித் தின்றுவிடும் என்பதால் வேலி போட்ட குஞ்சு பொரிப்பகத்தில் அதே ஆழத்தில் புதைத்து வைப்பார்கள். 45-லிருந்து 60 நாளில் குஞ்சு. மணலின் சூடு கூடினால் பெண், குறைந்தால் ஆண். டிசம்பரில் புதைத்த குழி ஒன்று அன்று விடியற்காலை பொரிந்திருந்தது. உள்ளங்கை அகலம்கூட இல்லாத குஞ்சுகளைக் கரையில் விட்டார்கள். கடலின் மேல் வானம் வெளுத்த பக்கத்தைப் பார்த்து, சாவி கொடுத்த பொம்மை மாதிரி ஓடின. ஆயிரத்தில் ஒன்று பெரிசானால் அதிகம் என்கிறார்கள். பெண் குஞ்சு பிழைத்தால், பத்துப் பதினைந்து வருஷம் கழித்து முட்டையிட இந்தப் பக்கத்துக் கரைக்கே வருமாம்.

“நீங்க மெட்ராஸ்ல எங்கே தம்பி?” என்றார் வாட்சர்.

“திருவான்மியூர்ண்ணே.”

“பீச் பக்கமா?”

“நடந்தா அஞ்சு நிமிஷம்.”

அவர் சிரிக்க ஆரம்பித்தார். “அங்கேயே வருமே! பெசன்ட் நகர், நீலாங்கரை... எல்லாக் கரைக்கும் இதே சிற்றாமைதான். காலேஜ் பசங்க ராத்திரியெல்லாம் நடந்து முட்டை எடுக்கிறாங்கன்னு கேள்விப்பட்டேன். வாசல்ல வர்றதைப் பார்க்காம மூணு நாள் கப்பல்ல வந்தீங்களா?”

கேஷியர் என்னைப் பார்த்தார். நான் கேமரா நண்பரைப் பார்த்தேன். அவர் கடலைப் பார்த்தார்.

வாசலில் வந்த விருந்தாளி

உண்மைதான். சென்னையில் மாணவர்கள் சேர்ந்து 1988-லிருந்தே வருஷா வருஷம் ஆமைக்காக ராத்திரியில் நடக்கிறார்கள். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை, என் வீட்டைத் தாண்டித்தான்! நான் எட்டு வருஷமாக ஃபேனை ஐந்தில் வைத்துத் தூங்கியிருக்கிறேன்.

ஊர் திரும்பிய வாரமே அவர்களோடு நடந்தேன். காளிப்பூரில் பார்க்காததையெல்லாம் அங்கே பார்த்தேன். கரையோரம் வரிசையாகச் சோடியம் விளக்கு. பொரிந்த குஞ்சு கடல் என்று நினைத்து ரோட்டைப் பார்த்து ஓடும். அப்புறம், ஓடு வெடித்துக் கிடந்த ஒரு பெரிய ஆமை. வலையில் மாட்டினால் அது மூச்சு விட மேலே வர முடியாமல் மூழ்கிச் சாகிறது. 2025 ஜனவரியில் சென்னை, செங்கல்பட்டுக் கரைகளில் நூற்றுக்கணக்கில் இப்படிச் செத்து ஒதுங்கின. கரைக்குப் பக்கத்திலேயே விசைப்படகு இழுக்கிற இழுவலைதான் முக்கியக் காரணம் என்றார்கள். அந்த ஜனவரியில் நான் திருவான்மியூரில்தான் இருந்தேன். பேப்பரில் படித்தேன். பக்கத்தைத் திருப்பினேன்.

கேஷியரின் அம்மா இன்னும் கேட்கிறார்: “ஆமை புகுந்த வீடு என்னடா ஆகும்?” ஆமை எங்கேம்மா நம்ம வீட்டுக்குள் புகுந்தது? அது வந்து படுக்கிற இடத்தில் நாம்தான் புகுந்து, லைட்டும் போட்டிருக்கிறோம்.

போன மாதம் ஒரு ராத்திரி. கரையில் நாலு பையன்கள் கேக் வெட்டிக்கொண்டிருந்தார்கள். பர்த்டே. பைக் ஹெட்லைட் கடலைப் பார்த்து எரிந்துகொண்டிருந்தது. தூரத்தில் ஒரு கருங்கல்.

போய் நின்றேன். “தம்பி, கொஞ்சம் அந்த லைட்டை அணைக்கறீங்களா?”

“ஏன் சார்?”

“ஒரு அம்மா பிரசவத்துக்கு வர்றாங்க.”

அணைத்தார்கள்.

போக ஆசையா? கொஞ்சம் கவனியுங்கள்!

* ஆமைக்கு டிசம்பர் – பிப்ரவரி நல்ல காலம். மலை ஏறவும் அதுதான் வசதி. மழைக் காலத்தில் படகும் நிச்சயமில்லை, பாதையும் நிச்சயமில்லை.

* கப்பல் மாதத்தில் சில தடவைதான். தேதி, நேரம் மாறும். லீவில் இரண்டு நாள் தாராளமாக வையுங்கள். எலுமிச்சம்பழம் மறக்காதீர்கள்.

* இந்தியர்களுக்கு அந்தமான் போகத் தனி அனுமதி தேவையில்லை. பழங்குடிகளின் பகுதிகளுக்குள் போகக் கூடாது. ஜாரவாக் காட்டு ரோட்டில் கேமராவைப் பைக்குள் வையுங்கள், கண்ணையும் கொஞ்சம் அடக்குங்கள்.

* சாடில் பீக், ராஸ் – ஸ்மித், ஆமைக் கரை எதுவானாலும் வனத்துறையிடம் முதலில் கேளுங்கள். மலைக்கு விடியற்காலையில் கிளம்பினால்தான் இருட்டுவதற்குள் இறங்கலாம். தண்ணீர் ஆளுக்கு மூன்று பாட்டில்.

* முதலை போர்டு இருக்கிற இடத்தில் வீரம் வேண்டாம்.

* டிக்லிப்பூரில் செல்போன் சிக்னல் வரும், போகும். ரொக்கம் கையில் இருக்கட்டும். மணல் ஈக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள்.

* சிப்பி, பவளம், கல் எதையும் எடுக்காதீர்கள். உள்ளே யாராவது குடியிருக்கலாம்!